சாமைச் சோறும் சிறுவர் நாக்கும்

கோமுகி ஆறு கல்வராயன் மலையிலே பிறந்து, கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கு இறங்கி, நெல் வயல்களுக்கு நீரூட்டுகின்றது. மேலே மலைச்சரிவுகளில் நெடுங்காலம் விளைந்தவையோ சாமையும் தினையும் கேழ்வரகும். ஒரே ஆற்றின் கரையில் இருவேறு சோறு.

மலையில் வாழும் மலையாளிகள் என்னும் பழங்குடியினருக்கு (இப்பெயர் கேரள நாட்டாரைக் குறிப்பதன்று) இச்சிறுதானியங்களே அன்றாட உணவு, நெற்சோறு விருந்துணவு. அந்நாளில் ஒரு சிறுவன் ‘சாமை வேண்டா’ என்று முகம் சுளித்திருந்தாலும் அவனுக்கு வேறு சோறு ஏது? பின்னர் நியாயவிலைக் கடை அரிசி மலையேறிற்று. சாமையை உரலிலிட்டு உமி போகக் குத்தும் பாடு தாய்மார்க்குக் குறைந்தது. அதனைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயினும், அரிசியில் வளர்ந்த நாவுக்குச் சாமை அயலாயிற்று. பிள்ளைகளின் பிடிவாதம் என்று நாம் பெயரிடுவதில் பெரும்பகுதி பழக்கமின்மையே.

இவ்வாறு முகம் சுளிக்கும் பிள்ளையை வற்புறுத்தி உண்பிக்கலாமா? வீட்டிலே எழும் இவ்வினாவைப் பள்ளிகளும் சந்தித்துள்ளன. 1920-இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய உணவளிப்பு, 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டமாக விரிந்தது. 1961 முதல் ‘கேர்’ என்னும் அமெரிக்க அமைப்பு பால்மாவும் மக்காச்சோள மாவும் அளித்து உதவிற்று. முன்பின் அறியாத அந்த மஞ்சள் நிற உப்புமாவைச் சிறுவர்கள் உண்டார்கள். அவர்களை உண்பித்தது ஆசிரியரின் பிரம்பன்று, பசி. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தது. 1989-இல் முட்டையும் சேர்ந்தது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரும் வழக்கமும் பின்னர் ஏற்பட்டது. 2022-இல் காலை உணவுத் திட்டம் பிறந்தபோது பட்டியலில் அரிசி உப்புமா இருந்தது. பிள்ளைகள் அதனை விரும்பவில்லை என்பதனால், திங்கட்கிழமைகளில் பொங்கலும் சாம்பாரும் வழங்கப்படும் என்று 2025-இல் சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. ஓர் அரசு சிறுவர் நாக்குக்குச் செவிசாய்த்தது சிறிய செய்தியன்று.

அப்படியானால் பிள்ளை கேட்பதையே கொடுத்துவிடலாமா? 1928-இல் கிளாரா டேவிஸ் என்னும் அமெரிக்க மருத்துவர், பால்குடி மறந்த குழந்தைகளைத் தாமே உணவு தேர்ந்தெடுக்க விட்டுச் செய்த ஆய்வை வெளியிட்டார். அவர்கள் நன்றாகவே வளர்ந்தார்கள். ஆனால் அவர்கள் முன் வைக்கப்பட்டவை யாவும் எளிய, நல்ல உணவுகள், மிட்டாய் வைக்கப்படவில்லை. எதை வைப்பது என்பதைப் பெரியவர்களே முடிவு செய்திருந்தார்கள். 2006-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், ‘குடித்து முடி’ என்று வற்புறுத்தப்பட்ட சிறுவர்கள் சூப்பைக் குறைவாகவே குடித்தார்கள். அதனைப் பற்றி மிகுதியாகக் குறையும் கூறினார்கள். வற்புறுத்தாமல் மீண்டும் மீண்டும் சுவைக்கத் தருவதே பயன் தருகிறது. ஒருமுறை ஒதுக்கியதும் ‘இவனுக்கு இது பிடிக்காது’ என்று முடிவுகட்டுவது அவசரம்.

மலைநாட்டில் இதற்கு மற்றொரு முகமும் உண்டு. வீட்டார் உண்ணாத தானியத்தை உழவர் எத்தனை ஆண்டுதான் விதைப்பார்? விதைக்காத விதை சில ஆண்டுகளில் முளைக்கும் ஆற்றலையே இழந்துவிடும். வெள்ளிமலைப் பக்கத்துத் தாய் ஒருவர் சாமையை மீண்டும் தம் பிள்ளைக்குப் பழக்க விரும்பினால், அடித்து ஊட்டவேண்டியதில்லை. முதலில் வெல்லமிட்டுப் பாயசமாக்கலாம். பிறகு அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்து பொங்கலாக்கலாம். அவரும் அதே பொங்கலைப் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து உண்ணவேண்டும். பிள்ளை இரண்டு வாய் உண்டு எழுந்துவிட்டால், எழட்டும். அடுத்த வாரமும் சாமை அடுப்பேறும்.