கம்பி இரண்டு, பாதை ஒன்று

பிச்சாட்டூர் அணையில் உபரிநீரைத் திறந்துவிட்டு, ஊத்துக்கோட்டையில் ஆரணி ஆற்றுத் தரைப்பாலம் மூழ்கிய மழைக்காலங்கள் பல. அப்போதெல்லாம் சென்னையிலிருந்து திருப்பதி போகிறவர்கள் திருத்தணி, நகரி வழியாகச் சுற்றிப் போவார்கள். அந்த ஊத்துக்கோட்டைச் சாலையோரம் புதைத்த கேபிளுக்கு அப்படியொரு சுற்றுவழி தானாகக் கிடைத்துவிடாது. முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். கம்பி அறுந்த பின் தொடர்பு மீள்வது கருவியின் திறமையைவிடப் பாதையின் அமைப்பையே நம்பியிருக்கிறது. தந்திக் காலம் தொட்டு வரலாறு சொல்வது இதைத்தான்.

1855 பிப்ரவரியில் தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குச் செய்தி பம்பாய், ஆக்ரா என்று நாட்டையே சுற்றித்தான் போனது. இந்தியத் தந்தியை நிறுவிய ஓஷானசி அமைத்தது ஒரே நீண்ட தொடர். 1857 கிளர்ச்சியில் வடக்கே கம்பிகள் வெட்டப்பட்டபோது அதன் பலவீனம் வெளிப்பட்டது. கிழக்குக் கடற்கரையோரக் கம்பி அதன் பிறகே முழுமை பெற்றது. லண்டன் தொடர்பிலும் இதே கதை. துருக்கி வழி ஒன்று, தெஹ்ரான் வழி ஒன்று என இரண்டு இருந்தாலும், புஷயர் முதல் கராச்சி வரை இரண்டும் பாரசீக வளைகுடாத் தடத்தையே நம்பின. 1870இல் செங்கடல் வழியே கடலடிக் கேபிள் வந்த பிறகுதான் உண்மையான மாற்றுவழி பிறந்தது.

ஃபைபர் காலத்தில் கேபிளை வளையமாக இணைக்கும் ரிங் அமைப்பு வந்தது. ஒரு பக்கம் அறுந்தால் எஸ்டிஹெச் எனும் ஒளியிழைக் கடத்தல் கருவி சுமார் 50 மில்லி விநாடியில் மறுபக்கம் திருப்பிவிடும். பேசுகிறவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ரிங்கின் இரு கைகளும் ஒரே பள்ளத்தில் கிடந்தால், ஒரு ஜேசிபி வாளி இரண்டையும் சேர்த்தே அறுத்துவிடும். பிறகு ஓடிடிஆர் எனும் சோதனைக் கருவி கொண்டு அறுந்த இடம் கண்டு, குழி தோண்டி, தலைமுடி போன்ற இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டி இணைக்க மணிக்கணக்காகும். 2008 ஜனவரி 30இல் அலெக்சாந்திரியா அருகே இரண்டு கடலடிக் கேபிள்கள் அடுத்தடுத்து அறுந்து இந்திய இணையம் தடுமாறியதும் இதனால்தான்: நிறுவனங்கள் வேறு, தடம் ஒன்று.

இன்றைய ரவுட்டர்கள் தாமே வழி கண்டுபிடிக்குமே என்பார்கள். இருக்கும் வழிகளில் ஒன்றைத்தான் அவை தேர்ந்தெடுக்க முடியும். இல்லாத வழியைப் போட முடியாது. செலவு இரட்டிப்பாகும் என்பது வலுவான ஆட்சேபம். ஆயினும் இரண்டாம் பாதை சும்மா கிடப்பதில்லை. சாதாரண நாளில் அவசரமில்லாத போக்குவரத்தைச் சுமக்கலாம். வெள்ள நாளில் ஆம்புலன்ஸ் அழைப்பும் அணைநீர் எச்சரிக்கையும் அதில்தான் போக வேண்டும்.

கிராமப் பஞ்சாயத்துகளுக்கான பாரத்நெட் ஃபைபர் வலை முதலில் ஒற்றைக் கோடாகவே போடப்பட்டது. 2023இல் திருத்திய திட்டம் அதை ரிங்காக மாற்றச் சொல்கிறது. நல்ல முடிவு. ஆனால் ரிங்கின் இரு கைகளும் ஒரே பாலத்தில் ஏறக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பாதை வரைபடத்தைச் சரிபார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.