பால்டிக் கரையும் நல்லூரும்

சிலுவைப் போர் என்றதும் ஜெருசலேம்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் வட ஐரோப்பாவின் பால்டிக் கரையிலும் சிலுவைப் போர் நடந்தது. அங்கே புனிதச் சோலைகளில் தங்கள் தெய்வங்களை வழிபட்டு வந்த பழைய பிரஷ்ய மக்கள்மீது, 1230 அளவில் தியூத்தோனிய சபையின் துறவி வீரர்கள் படையெடுத்தனர். 1283க்குள் நாடு வீழ்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்களுடைய மொழியும் மறைந்தது. வென்றவர்கள் அவர்களின் பெயரையும் தமதாக்கிக் கொண்டார்கள்.

இதற்கும் நமக்கும் தொடர்பு உண்டு. தெம்பிளர் என்ற மற்றொரு துறவிப் படையைப் பாப்பரசர் 1312இல் கலைத்தார். போர்த்துக்கலில் அதன் சொத்துக்களைக் கொண்டு 1319இல் கிறிஸ்துவின் சபை தோன்றியது. 1551இல் போர்த்துக்கல் மன்னரே அதன் நிரந்தரத் தலைவரானார். அச்சபையின் செஞ்சிலுவையைப் பாயில் தாங்கிய கப்பல்களே இந்து சமுத்திரத்துக்கு வந்தன.

நம் பக்கத்துக் கறையையும் மறைத்தல் ஆகாது. 1544இல் மன்னாரில் புதிதாக மதம் மாறிய ஏறக்குறைய 600 பேரை முதலாம் சங்கிலி மன்னன் கொல்வித்தான். 1560இல் போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கினர்; அங்கே நிலைக்க முடியாமல் மன்னாரைக் கைப்பற்றினர். முத்துக்குளிப்பும் யானை வணிகமும் அவர்கள் கண்ணை விட்டு அகலவில்லை. 1619இல் பிலிப் த ஒலிவேரா இரண்டாம் சங்கிலியைச் சிறைப்பிடித்தான். மன்னன் கோவாவில் கொல்லப்பட்டான். அடுத்த சில ஆண்டுகளில் நல்லூர்க் கந்தன் கோயிலும் திருக்கோணேசர் கோயிலும் இடிக்கப்பட்டன. கோணேசர் கோயிற் கற்கள் திருகோணமலைக் கோட்டைச் சுவருக்குப் போயின.

ஆயினும் பிரஷ்யருக்கு நேர்ந்தது நமக்கு நேரவில்லை. கடலுக்கு அப்பால் தமிழகம் இருந்தது. வீட்டுக்குள் விரதம் இருந்தது. விரத நாளில் உண்ட வாழையிலையைக் கூரையில் செருகி மறைத்தார்கள் என்று யாழ்ப்பாணத்தில் இன்றும் சொல்வர். ஒல்லாந்தர் காலத்திலேயே, 18ஆம் நூற்றாண்டில், நல்லூரில் மீண்டும் கோயில் எழுந்தது. 1950இல் திருகோணமலையில் கிணறு வெட்டும்போது பழைய விக்கிரகங்கள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. 1963இல் கோணேசருக்குக் கும்பாபிஷேகம் நடைபெற்றது.

அன்பர்களே, மொன்றியலில் நம் வழிபாட்டை எந்தப் படையும் தடுக்கவில்லை. இலையை ஒளிக்க வேண்டிய தேவையும் இல்லை. இந்த வரலாற்றைப் பகைமையின்றி, கறையையும் சேர்த்து, நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே சொல்லிக் கொடுப்போம். இங்கே நம் மொழி அழியுமானால் அதற்கு ஒலிவேராவைக் குறை சொல்ல முடியாது.