எரிந்த சுருள்களும் என் அலமாரியும்

நான் முதன்முதலாகப் பார்த்த 'பதேர் பாஞ்சாலி' இரண்டு விசிடிகளில் இருந்தது. பசார் மாலாமில் ஒரு கடையில் பத்து வெள்ளிக்கு மூன்று படம் என்று பழையவற்றை ஒரு பெட்டியில் கொட்டி வைத்திருந்தார்கள். "இது கறுப்பு வெள்ளை தம்பி, யாரும் வாங்க மாட்டாங்க. சும்மா எடுத்துக்க" என்று கடைக்கார அண்ணன் நான் வாங்கிய படங்களோடு அதையும் பைக்குள் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து போட்டால், படத்தில் மழை பெய்யும் காட்சிக்கும் பெய்யாத காட்சிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. தொடக்கம் முதல் கடைசிவரை கோடு கோடாக மழைதான். அப்புவும் துர்காவும் நாணல் காட்டுக்குள் ஓடி ரயிலைப் பார்க்கும் இடம் வந்தபோது, வெள்ளைப் புகைக்குள் இரண்டு கறுப்புப் புள்ளிகள் அசைந்தன. இதைத்தானா உலகம் முழுக்கக் கொண்டாடுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. வெளியில் சொல்லவில்லை. இலக்கியக் கூட்டங்களில் சத்யஜித் ராய் பெயர் வரும்போதெல்லாம் மற்றவர்களோடு சேர்ந்து நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து அதே படத்தை புளூ-ரே வட்டில் பார்த்தேன். நாணல் பூவின் ஒவ்வோர் இழையும் தனியாக ஆடியது. இந்திர் தாக்குருனின் முகச்சுருக்கத்தில் வெயில் விழுந்து கிடந்தது. அன்று எனக்கு முதலில் வந்தது பரவசம் இல்லை, வெட்கம். பார்க்காத ஒரு படத்தைப் பார்த்துவிட்டதாக இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வட்டுகளைச் சேர்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். சேர்க்கச் சேர்க்க ஒன்று புரிந்தது. இந்த அலமாரியில் இருப்பவை படங்கள் மட்டும் அல்ல. ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒரு படம் சாகக் கிடந்து பிழைத்த வரலாறு இருக்கிறது.

'பதேர் பாஞ்சாலி'யையே எடுத்துக்கொள்வோம். ராய் இறந்த மறு ஆண்டு, 1993இல், லண்டனில் ஒரு பிலிம் ஆய்வகத்தில் தீப்பிடித்தது. அப்போது அப்பு மூன்று படங்களின் மூல நெகட்டிவ்கள் அங்கேதான் இருந்தன. எரிந்ததையெல்லாம் குப்பை என்று தள்ளியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கருகி, சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிப்போன அந்தச் சுருள்கள் அமெரிக்காவின் அகாடமி திரைப்பட ஆவணக்காப்பகத்துக்கு அனுப்பப்பட்டன. அன்றைய தொழில்நுட்பத்தால் அவற்றை ஒன்றும் செய்ய முடியாது. என்றாலும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். இருபது ஆண்டுகள் அப்படியே கிடந்தன.

2013 வாக்கில் கிரைடீரியன் நிறுவனம் இந்த மூன்று படங்களையும் மீட்க முடிவு செய்தபோது அந்தப் பெட்டிகள் மறுபடியும் திறக்கப்பட்டன. சுருள்கள் இத்தாலியின் பொலோன்யா நகரிலுள்ள 'லிம்மாஜினே ரித்ரோவாத்தா' கூடத்துக்குப் போயின. உலர்ந்து நொறுங்கும் நிலையில் இருந்த பிலிமுக்கு முதலில் ரசாயனக் கரைசலால் ஈரப்பதம் ஊட்டினார்கள். உருகிப்போன ஒட்டுநாடாவையும் பசையையும் சுரண்டி எடுத்தார்கள். ஓரத்தில் பிய்ந்திருந்த பல்துளைகளைக் கையால் ஒவ்வொன்றாக மறுபடி கட்டினார்கள். ஸ்கேன் செய்வதற்கு முன்னால் கைவேலை மட்டுமே ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் பிடித்தது. முடிவில் 'பதேர் பாஞ்சாலி'யில் சுமார் 40 சதவீதமும், 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேலும் எரிந்த மூல நெகட்டிவிலிருந்தே மீட்கப்பட்டன. 'அபுர் சன்சார்' அவ்வளவு அதிர்ஷ்டம் செய்யவில்லை. அதன் மூல நெகட்டிவில் மிஞ்சியது எதுவும் பயன்படவில்லை. வேறு பிரதிகளிலிருந்துதான் அதை எடுக்க வேண்டியிருந்தது.

2015 மே மாதம் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மீட்கப்பட்ட படம் திரையிடப்பட்டது. 1955 மே மாதம் 'பதேர் பாஞ்சாலி' முதன்முதலாகத் திரை கண்டதும் அதே அருங்காட்சியகத்தில்தான். சரியாக அறுபது ஆண்டுகள். அதே ஆண்டு இறுதியில் வட்டாகவும் வந்தது.

இந்த இடத்தில் தொழில்நுட்பத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விசிடியில் ஒரு சட்டகத்துக்குச் சுமார் ஒரு லட்சம் புள்ளிகள். புளூ-ரேயில் இருபது லட்சத்துக்கு மேல். ஆனால் உயர்தெளிவு என்பது பழைய படத்துக்குப் புதிதாக எதையும் சேர்ப்பது அல்ல. 35 மி.மீ. நெகட்டிவில் இந்த நுணுக்கம் எல்லாம் படம் எடுத்த அன்றே பதிவாகியிருந்தது. நம் கைக்கு வந்தது பிரதியின் பிரதியின் பிரதி. 'அபராஜிதோ'வில் காசி நகர வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் செட்டாகப் போட்டார்கள். மேலே வானம் கிடையாது. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதில் பட்டுத் திரும்பவைத்து, நிழல் விழாத பகல் வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றிப் படித்திருந்தாலும் என் விசிடியில் அதைக் கண்டிருக்க முடியாது. அங்கே இருந்தது சாம்பல் நிறம் ஒன்று மட்டும்தான்.

கிரைடீரியன் 1984இல் 'சிட்டிசன் கேன்' படத்தை லேசர் டிஸ்க்காக வெளியிட்டுத் தொடங்கிய நிறுவனம். 2008 டிசம்பரில் புளூ-ரேக்கு வந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தற்செயலான லாபம் உண்டு. டிவிடி காலத்தில் அமெரிக்கா முதல் மண்டலம், நாம் மூன்றாவது மண்டலம். அங்கே வாங்கினது இங்கே ஓடாது. புளூ-ரேயில் மலேசியாவும் சிங்கப்பூரும் அமெரிக்காவும் ஒரே 'ஏ' மண்டலம். இந்தியா 'சி'. ஆக, ராயின் படத்தை அவருடைய ஊர்க்காரர் பார்ப்பதைவிட கிள்ளானில் இருக்கிற நான் பார்ப்பது சுலபமாகிவிட்டது. இதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அலமாரியில் அடுத்து இருப்பது ஃப்ரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபொலிஸ்'. 1927இல் பெர்லினில் வெளியான சில மாதங்களுக்குள் படத்தை வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். வெட்டிய பகுதி தொலைந்தே போனது என்றுதான் எண்பது ஆண்டுகள் நம்பினார்கள். 2008இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸில் ஒரு திரைப்பட அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய முழுப்படமும் 16 மி.மீ. நெகட்டிவாகக் கிடைத்தது. அது அங்கே வந்த வழிதான் முக்கியம். 1920களின் கடைசியில் அந்த நாட்டுக்குப் போன ஒரு முழுப்பிரதி, பிறகு ஒரு விமர்சகரின் சொந்தச் சேகரிப்பில் இருந்தது. அதிலிருந்து வந்த நகல் இது. 2010இல் வந்த வடிவத்தில் சுமார் 25 நிமிடங்கள் கூடுதல். அந்தப் பகுதிகளில் மட்டும் சட்டகம் கொஞ்சம் சிறியதாக, கீறல்கள் நிறைந்து இருக்கும். மீட்டவர்கள் அதைப் பூசி மறைக்கவில்லை. காயத்தைக் காட்டிக்கொண்டே படம் ஓடுகிறது.

டிரையரின் 'ஜோன் ஆஃப் ஆர்க்' (1928) கதை இதைவிட விசித்திரமானது. மூல நெகட்டிவ் தீயில் போனது. இயக்குநர் தன் கையில் மிஞ்சிய மாற்றுக் காட்சிகளை வைத்து இன்னொரு வடிவத்தைத் தொகுத்தார். அசல் வடிவத்தின் பிரதி 1981இல் நார்வேயில் ஒரு மனநல மருத்துவமனையில் கிடைத்தது. யாரோ எப்போதோ எங்கோ ஒரு பிரதியை வைத்துவிட்டு மறந்திருக்கிறார்கள். அந்த மறதிதான் படத்தைக் காப்பாற்றியது.

இதையெல்லாம் படிக்கும்போது ஐரோப்பியக் கதையாகவே இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. மார்ட்டின் ஸ்கார்செஸி 2007இல் தொடங்கிய உலக சினிமாத் திட்டத்தின் பெட்டிகள் வந்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது. மூன்றாவது பெட்டியில் உஸ்மார் இஸ்மாயில் இயக்கிய 'லெவாட் ஜாம் மாலாம்' இருக்கிறது. 1954இல் வந்த இந்தோனேசியப் படம். டச்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்ட இஸ்கந்தர் என்ற இளைஞன் சுதந்திரத்துக்குப் பிறகு பாண்டுங் நகருக்குத் திரும்புகிறான். அவனுக்கு வேலை ஒட்டவில்லை, வீடு ஒட்டவில்லை. யாருடைய கட்டளையில் கொன்றானோ அந்தத் தலைவன் கொள்ளையடித்த சொத்தில் கம்பெனி நடத்துகிறான். ஊரில் இரவு ஊரடங்கு.

பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மலாய் தெரிந்தவர் என்பதால் வசனம் பெரும்பாலும் புரிந்தது. தெருவில் ராணுவப் போலீஸ் "யாரது?" என்று அதட்டும் காட்சியில் சட்டென்று சொன்னார்: "ஊரடங்குன்னா எங்களுக்குத் தெரியாதாய்யா? டாரூராட் காலத்துல பொழுது சாஞ்சா எஸ்டேட்டுல ஒரு நாய்கூட வெளிய வராது. எங்கப்பா ஒருநாள் மாடு தேடிப் போயிட்டு வர நேரமாயிருச்சு. அன்னிக்கு ராத்திரி அம்மா அழுத அழுகை..." அதற்கு மேல் சொல்லவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது. பாண்டுங்கில் இஸ்கந்தர் நடந்த அதே ஆண்டுகளில் மலாயாவில் அவசரகாலம். பாட்டியிடமிருந்து அந்தக் கதையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இந்தப் படம் பிழைத்ததில் நம் பக்கத்து ஊருக்கும் பங்கு இருக்கிறது. சினமாடெக் இந்தோனேசியாவில் இருந்த நெகட்டிவ்களை எடுத்து, சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகமும் ஸ்கார்செஸியின் அறக்கட்டளையும் சேர்ந்து அதே பொலோன்யா கூடத்தில் மீட்டார்கள். 2012இல் கான் விழாவில் திரையிட்டார்கள். அதே ஆண்டு, அதே விழாவில் திரையிடப்பட்ட இன்னொரு படம் உதயசங்கரின் 'கல்பனா' (1948). மதராஸ் ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்த படம் அது. பிற்காலத்தில் நடிகை ஆன பத்மினி அதில் சிறுமியாக ஆடியிருக்கிறார். அதுவும் இப்போது நான்காவது பெட்டியில் என் அலமாரியில் இருக்கிறது. அந்தப் பெட்டியிலேயே 'காற்றின் சதுரங்கம்' என்று பொருள்படும் ஓர் ஈரானியப் படமும் உண்டு. 1976இல் எடுத்தது, புரட்சிக்குப் பின் தடை செய்யப்பட்டது, 2014இல் தெஹ்ரானில் ஒரு பழைய சாமான் கடையில் அதன் நெகட்டிவ் கிடைத்தது.

இனி அலமாரியில் இல்லாததைச் சொல்ல வேண்டும். 1957இல் சிங்கப்பூரில் வெளியாகி ஓடு ஓடு என்று ஓடிய 'பொந்தியானாக்' படத்தின் பிரதி இன்று இல்லை. இயக்கியவர் பி.என். ராவ். தமிழில் 'சாலிவாகனன்' (1945) எடுத்துவிட்டுக் கடல் கடந்து வந்தவர். அதே ஆண்டு அவர் எடுத்த இரண்டாம் பாகமும் போய்விட்டது. பி. ரம்லி முதன்முதலில் கதாநாயகனாக நடித்த 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன், நம் பினாங்குத் தமிழர். மலாய் சினிமாவின் தொடக்கக் காலத்தில் கேமராவுக்குப் பின்னால் நின்றவர்களில் இந்தியர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எடுத்ததில் எத்தனை உயர்தெளிவு வட்டாக என் கையில் இருக்கிறது? ஒன்றுகூட இல்லை. தமிழ்நாட்டுப் பக்கம் போனால், முதல் மௌனப்படம் 'கீசக வதம்', முதல் பேசும்படம் 'காளிதாஸ்' இரண்டுக்கும் பிரதி இல்லை. வங்காளத்தின் எரிந்த நெகட்டிவை இத்தாலியில் ஒட்டித் தைத்ததை நான் கிள்ளானில் உட்கார்ந்து பார்க்கிறேன். என் பாட்டி சின்ன வயதில் பார்த்த படத்தை என்னால் பார்க்க முடியாது.

போன மாதம் நண்பன் ஒருவன் கேட்டான்: "எல்லாம்தான் ஸ்ட்ரீமிங்ல வருதே, எதுக்குடா இதுல காசைக் கொட்டுற?" நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இதுதான். உரிமம் முடிந்தால் படம் மறுநாள் காலை காணாமல் போகும். இன்னொன்று, படம் மாறிவிடும். 2021இல் வோங் கார்-வாய் தன் படங்களைப் புதிதாக வெளியிட்டபோது நிறங்களை மாற்றினார். 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' படத்தின் சட்டக அளவையே அகலமாக்கினார். படைத்தவருக்கு அந்த உரிமை இல்லையா என்றால், இருக்கலாம். ஆனால் 1995இல் மக்கள் பார்த்த படம் எது என்பதும் ஒரு வரலாற்று உண்மைதானே? அதற்குச் சாட்சி பழைய வட்டுதான். சில நிறுவனங்கள் பிலிமின் மணிமணியான துகளை 'அழுக்கு' என்று கணினியால் துடைத்து, நடிகர்களை மெழுகுப் பொம்மையாக்கி விற்றதையும் பார்த்திருக்கிறேன். மீட்பது வேறு, மினுக்குவது வேறு.

எனக்கு ஒரு பிரமையும் கிடையாது. வட்டு என்பது பாதுகாப்பு அல்ல. அது பிளாஸ்டிக், அதற்கும் ஆயுள் உண்டு. உண்மையான பாதுகாப்பு குளிரூட்டிய அறையில் இருக்கும் நெகட்டிவ். சிங்கப்பூரில் 2005இல் தொடங்கிய ஆசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் போன்ற இடங்களில் நடப்பதுதான் அந்த வேலை. என் அலமாரி புவனோஸ் அயர்ஸ் விமர்சகரின் சேகரிப்பு மாதிரி ஒன்று. ஒரு பிரதி கூடுதலாக, ஓர் இடத்தில் கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நண்பன் போகும்போது 'லெவாட் ஜாம் மாலா'மைக் கொடுத்தனுப்பினேன். உன் பாட்டியோடு பார் என்றேன். அவன் பாட்டி ஈப்போவில், பழைய தகரப்பெட்டி ஒன்றை இன்னும் யாரையும் திறக்க விடாமல் வைத்திருக்கிறாராம். அவன் தாத்தா டூரிங் சினிமாவில் படம் ஓட்டியவர். "அதுல என்ன இருக்குன்னு பாத்தியா?" என்று கேட்டேன். "சாவியே எங்க இருக்குன்னு தெரியலடா" என்றான். அடுத்த வாரம் நாங்கள் இரண்டு பேரும் ஈப்போவுக்குப் போகிறோம்.