குடவோலை முதல் ஐந்து நட்சத்திரம் வரை



புள்ளலூர் என்று சொன்னால் சரித்திரம் படித்தவர்களுக்கு 1780ல் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயக் கம்பெனிப் படையைத் தோற்கடித்த போர் ஞாபகம் வரும். இன்று நான் எழுதப் போவது போரைப் பற்றி அல்ல. மார்க்கைப் பற்றி. பரீட்சை மார்க் இல்லை, வேலை செய்கிறவனுக்குப் போடும் மார்க்.

பி.காம். படிக்கிற பலர் இப்போது இணையத்தில் ஃப்ரீலான்ஸ் வேலை தேடுகிறார்கள். டேலியில் கணக்கு எழுதுவது, எக்செல் ஷீட் தயாரிப்பது, டேட்டா என்ட்ரி, லோகோ வரைவது என்று எத்தனையோ வேலைகள். அங்கே போனால் "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்பதற்கு முன்னால் உன் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை நட்சத்திரம், எத்தனை சதவீதம் என்றுதான் பார்ப்பார்கள். இது கம்ப்யூட்டர் கண்டுபிடித்த புதுப் பழக்கம் என்று நினைப்போம். இல்லவே இல்லை. இதில் ஒரு பழைய கணக்கு எங்கள் பக்கத்திலேயே, உத்திரமேரூர் கோயில் சுவரில் இருக்கிறது.

கல்லில் வெட்டிய தகுதி

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளைப் பற்றி ஸ்கூலில் எல்லோரும் படித்திருப்போம். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919லும் 921லும் வெட்டியவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. அதாவது இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அந்த ஓலையை வாங்கி எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பார். கைக்குள் வேறு ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாது அல்லவா!

"உலகத்தின் முதல் தேர்தல்" என்று சொல்லி நாம் இதோடு நிறுத்திக்கொள்வோம். என்னைப் பொறுத்தவரை சுவாரசியமானது ஓலையில் பெயர் ஏறுவதற்கான தகுதிப் பட்டியல்தான். 921 கல்வெட்டுப்படி வரி கட்டும் நிலம் கால் வேலியாவது இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் படித்திருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால் கூடுதலாகப் படித்திருந்தால் போதும். ஒரு தகுதி குறைந்தால் இன்னொன்றால் ஈடு கட்டலாம் என்பது ஒரு வகை மதிப்பெண் கணக்குதானே!

அடுத்து நடத்தை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் நிற்க முடியாது. அவனோடு அவன் அண்ணன் தம்பி, மாமன், மைத்துனன், மாமனார் என்று ஒரு நீண்ட உறவுப் பட்டியலே நிற்க முடியாது. சில குற்றங்களுக்குப் பரிகாரம் செய்து சுத்தமானாலும் ஆயுள் முழுக்கப் பெயர் ஓலையில் ஏறாது. கடந்த மூன்று வருடத்தில் வாரியத்தில் இருந்தவனும் ஒதுங்கி நிற்க வேண்டும்.

இதை ஆகா ஓகோ என்று புகழ நான் வரவில்லை. அது பிராமணர்களுக்குக் கொடுத்த பிரம்மதேய ஊர். பெண்கள், நிலமில்லாதவர்கள், மற்ற சாதியினர் யாருக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை. ஒருவன் கணக்குக் காட்டாததற்கு அவன் மைத்துனனைத் தண்டிப்பதும் நியாயமில்லை. ஆனாலும் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை.

ஒன்று, விதி என்ன என்பது சுவரில் எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. 919ல் போட்ட விதியை இரண்டே வருடத்தில் திருத்தினார்கள். 30 முதல் 60 என்று இருந்த வயது, 35 முதல் 70 என்று ஆனது. அந்தத் திருத்தத்தையும் கல்லில் வெட்டினார்கள்.

இரண்டு, அது பாஸ் மார்க் முறை. தகுதி இருக்கிறதா, இல்லையா என்று மட்டும்தான் பார்த்தார்கள். தகுதி உள்ளவர்களில் யார் முதல், யார் இரண்டாவது என்று ரேங்க் போடவில்லை. அதற்குப் பிறகு குலுக்கல்தான். ஒரு முறை வந்தவனே திரும்பத் திரும்ப வரவும் முடியாது.

சீட்டும் துண்டும்

அடுத்து வெள்ளைக்காரன் காலத்துக்கு வருவோம். சென்னையில் துரைமார் வீடுகளில் பட்லராக, சமையற்காரராக வேலை பார்த்தவர்கள் பழைய துரை எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பார்கள். அதற்கு "சிட்" என்று பெயர். ஆங்கிலோ இந்தியச் சொல் அகராதியான ஹாப்சன் ஜாப்சனில் (1886) இந்தச் சொல்லுக்கு வேலைக்காரருக்குத் தரும் சான்று என்ற அர்த்தமும் இருக்கிறது. இந்தச் சிட் வேலைக்காரர் கையிலேயே இருக்கும். வேலை மாறினால் கூடவே வரும். அது நல்ல விஷயம். ஆனால் ஆங்கிலம் படிக்கத் தெரியாதவருக்கு அதில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

இதைவிடக் கொடுமையானது இலங்கையில் நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களிடையே "துண்டு" முறை என்று ஒன்று இருந்தது. கங்காணியும் அவர் கீழ் உள்ள ஆட்களும் வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் பழைய தோட்டத்துத் துரை ஒரு துண்டுச் சீட்டு தர வேண்டும். இவ்வளவு கடன் பாக்கி, அதைக் கட்டினால் ஆட்களை விடுவிக்கிறேன் என்று அதில் இருக்கும். தொழிலாளி நன்றாகக் கொழுந்து பறிப்பாரா என்பதெல்லாம் அதில் இல்லை. அவர் மேல் எவ்வளவு கடன் என்பதுதான் அவருடைய அடையாளம். பெரும்பாலும் அந்தக் கடன் அவர் தலையில் வேறொருவர் ஏற்றி வைத்தது. 1921ல் சட்டம் போட்டு இந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

பிரான்ஸ் நாட்டிலும் 1803ல் இருந்து தொழிலாளிகள் ஒரு சின்னப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் இருந்தது. 1890 வரை அது ஒழியவில்லை. ஆக, வேலை செய்கிறவனைப் பற்றி ஒரு தாளில் எழுதி வைப்பது எல்லா நாட்டிலும் இருந்த பழக்கம். அந்தத் தாள் யார் கையில் இருக்கிறது, அதைப் படிக்க யாரால் முடியும் என்பதில்தான் வித்தியாசம்.

தாள் போய் நட்சத்திரம் வந்தது

இணையத்தில் இதைப் பெரிய அளவில் ஆரம்பித்தது ஈபே ஏலத் தளம். 1995ல் தொடங்கிய அந்தத் தளத்தில் 1996ல் வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருவருக்கொருவர் மதிப்பீடு தரும் வசதி வந்தது. நல்லது என்றால் கூட்டல் ஒன்று, கெட்டது என்றால் கழித்தல் ஒன்று, நடுவில் பூஜ்யம். எல்லாவற்றையும் கூட்டினால் மதிப்பெண். ஆனால் "நீ எனக்குக் கெட்டது போட்டால் நான் உனக்குப் போடுவேன்" என்ற பழிவாங்கல் வந்துவிட்டது. 2008ல், விற்கிறவர்கள் வாங்குகிறவர்களுக்குக் கெட்ட மதிப்பீடு போட முடியாது என்று ஈபே மாற்றியது.

வேலைக்கான தளங்களில் ஈலான்ஸ் 1990களின் கடைசியில் வந்தது, ஓடெஸ்க் 2000களில் வந்தது. இரண்டும் 2013ல் இணைவதாக அறிவித்து, 2015ல் அப்வொர்க் என்று பெயர் மாறின. 2010ல் ஃபைவர் வந்தது. முதலில் எல்லா இடத்திலும் சாதாரண நட்சத்திரச் சராசரிதான். பிறகுதான் சிக்கல் தெரிந்தது. யாரும் முகத்துக்கு நேராகக் கெட்டது சொல்ல விரும்புவதில்லை. அதனால் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் ஆகிவிட்டார்கள். எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கும் பரீட்சையால் என்ன பிரயோஜனம்?

அதனால் கணக்கை மாற்றினார்கள். இங்கேதான் நாம் படிக்கும் புள்ளியியல் உதவுகிறது. ஒரு உதாரணம் பார்ப்போம். ஒருவர் பத்து வேலை முடித்திருக்கிறார். ஒன்பது வேலை ஆளுக்கு 1,000 ரூபாய், எல்லாவற்றிலும் 5 நட்சத்திரம். பத்தாவது 20,000 ரூபாய் வேலை, அதில் 2 நட்சத்திரம். சாதாரணச் சராசரி 4.7. பிரமாதம்! ஆனால் பணத்தை எடையாக வைத்து எடையிட்ட சராசரி போட்டால், 29,000 ரூபாய் வேலைக்கு வருவது 2.93தான். அதே ஆள், அதே வேலை. கணக்கு மட்டும் வேறு.

இன்னொரு பிரச்சினை புதியவர். ஒரே ஒரு வேலை செய்து 5 வாங்கியவர், நூறு வேலை செய்து 4.8 வாங்கியவரை முந்தலாமா? கூடாது என்றால், ஒவ்வொருவர் கணக்கிலும் கற்பனையாகப் பத்து மதிப்பீடு, ஆளுக்கு 4 வீதம், சேர்த்துக் கூட்டலாம். அப்போது புதியவருக்கு 4.09, பழையவருக்கு 4.73 வரும். இது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் புதியவர் முதல் பக்கத்திலேயே வரமாட்டார். வராததால் வேலை கிடைக்காது. கிடைக்காததால் மார்க் ஏறாது.

அப்வொர்க் கொண்டுவந்த "ஜாப் சக்ஸஸ் ஸ்கோர்" இந்த வழியில் பல படி மேலே போனது. நல்லபடி முடிந்த வேலைகளிலிருந்து கெட்டபடி முடிந்ததைக் கழித்து, மொத்தத்தால் வகுத்துச் சதவீதம் காட்டுவது அடிப்படை. பெரிய தொகை வேலைக்கு எடை அதிகம். நீண்ட நாள் தொடரும் வாடிக்கையாளர் இருந்தால் நல்லது. இவை தவிர, வேலை கொடுத்தவர் ரகசியமாகத் தரும் ஒரு மதிப்பீடும் உண்டு. வெளியே 5 நட்சத்திரம் போட்டுவிட்டு உள்ளே குறைத்துப் போடலாம். யார் எவ்வளவு போட்டார் என்பது வேலை செய்தவருக்குத் தெரியாது. முழு சூத்திரமும் வெளியில் இல்லை.

இந்த ரகசியத்துக்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. எல்லாம் தெரிந்தால் ஆளாளுக்கு மார்க்கை உயர்த்த வழி கண்டுபிடிப்பார்கள், பழிவாங்கலும் திரும்ப வரும். உண்மைதான். ஆனால் உத்திரமேரூர்க்காரர்களுக்கும் இதே பயம் இருந்தது. அதற்கு அவர்கள் கண்ட வழி விரலை விரித்து ஓலையை வாங்குவது. விதியை மறைப்பது அல்ல.

எது மாறவில்லை

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துண்டு இல்லாமல் தோட்டத் தொழிலாளி வெளியே போக முடியாது. இன்றைய ஃப்ரீலான்ஸர் எப்போது வேண்டுமானாலும் போகலாம், ஆனால் ஐந்து வருடம் சேர்த்த மார்க்கை எடுத்துக்கொண்டு போக முடியாது. பட்லர் தன் சிட்டை எடுத்துப் போகலாம், படிக்கத் தெரியாது. ஃப்ரீலான்ஸருக்குப் படிக்கத் தெரியும், ஆனால் முக்கியமான பகுதியைத்தான் காட்டமாட்டார்கள். உத்திரமேரூரில் பாஸ் ஆன எல்லோருக்கும் குடத்தில் ஒரே அளவு ஓலை. இங்கே 98க்கும் 88க்கும் நடுவில் ஒருவருடைய மாத வருமானமே இருக்கிறது.

சட்டங்கள் இப்போதுதான் இந்தப் பக்கம் திரும்புகின்றன. ஐரோப்பாவில் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதி, தளங்கள் எதை வைத்து வரிசைப்படுத்துகின்றன என்ற முக்கியக் காரணிகளைச் சொல்ல வேண்டும் என்கிறது. 2021 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் ஒன்று, நம் நாட்டு ஓலா நிறுவனம் ஓட்டுநர்களைப் பற்றிப் போட்டு வைத்திருந்த சில மதிப்பீடுகளின் விவரத்தை அவர்களுக்குக் காட்டச் சொன்னது. 2025ல் கர்நாடகம் கொண்டுவந்த கிக் தொழிலாளர் சட்டத்திலும், தானியங்கி முறையில் கண்காணிப்பதையும் முடிவெடுப்பதையும் பற்றித் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. தமிழ்நாட்டில் இவர்களுக்கு நல வாரியம் அமைப்பதாக 2023 சுதந்திர தினத்தில் அறிவித்தார்கள். வாரியம் நல்லதுதான். ஆனால் கிராமத்தில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரருக்குக் கணக்கு எழுதும் ஒருவருக்கு, "என் மார்க் ஏன் குறைந்தது?" என்று கேட்க ஒரு இடம் வேண்டும். அது இன்னும் வரவில்லை.

நம்பிக்கைக்கு ஏதோ ஒரு அளவுகோல் தேவை. முகம் தெரியாதவருக்கு யாரும் சும்மா பணம் அனுப்பமாட்டார்கள். நான் மார்க்கே கூடாது என்று சொல்லவில்லை. கம்பெனிச் சட்டப்படி ஒரு நிறுவனம் தன் கணக்கைப் பங்குதாரருக்குக் காட்டியாக வேண்டும், ஆடிட்டர் கையெழுத்துப் போட வேண்டும் என்று படிக்கிறோம். லட்சக்கணக்கான பேரின் பிழைப்பைத் தீர்மானிக்கும் மார்க் கணக்குக்கு மட்டும் ஏன் ஆடிட்டர் இல்லை?

கணக்குக் காட்டாதவன் வாரியத்தில் நிற்கக் கூடாது என்று ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் எழுதி வைத்தார்கள். மார்க் வாங்குகிறவனுக்கு அந்த விதி சரி என்றால், மார்க் போடுகிறவனுக்கும் சரிதானே? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்கள்.