தில்லியில் ஒரு டிசம்பர் மாலை: 1940 டியூரண்ட் கோப்பை

 

வரலாறு என்றதும் நம் பிள்ளைகளுக்குப் போர்களையும் மன்னர்களையும் கற்பிக்கின்றோம். ஒரு சமுதாயம் மனம் மகிழ்ந்த நாள்களும் அதன் வரலாறே என்பதை மறந்துவிடுகின்றோம். அத்தகைய நாளொன்றைப் பற்றி நாங்கள் முதன்முதலில் அறிந்தது எந்த நூலிலும் அன்று. காயல்பட்டினத்துக் கால்பந்து மைதானத்தில்.

எங்கள் ஊர் ஆழ்வார்திருநகரி. சிறு வயதில், கோடை விடுமுறை வந்தால் வாப்பா எங்கள் சகோதரர் மூவரையும் திருச்செந்தூர் செல்லும் மீட்டர் கேஜ் இரயிலில் ஏற்றிக் காயல்பட்டினம் அழைத்துச் செல்வார்கள். அங்கே ஐக்கிய விளையாட்டுச் சங்கத்தார் நடத்தும் மௌலானா அபுல்கலாம் ஆஸாத் நினைவுச் சுழற்கோப்பைப் போட்டியைக் காண்பதே எங்கள் பெருநாள். அஸர் தொழுகை முடிந்ததும் மைதானத்தைச் சுற்றி இடம் பிடித்து அமர்வோம்.

ஓர் ஆண்டு இறுதியாட்டத்தில் நாங்கள் விரும்பிய அணி தோற்றது. எங்கள் இளையவர் அழுதுகொண்டே நடுவரை ஏசத் தொடங்கினார். அருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் அவர் தோளைத் தொட்டு, "தம்பி, நடுவர் நமக்குச் சாதகமாக இருக்க வேண்டும் என்று கேட்காதீர்கள், நியாயமாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். தில்லியில் நம்மவர்கள் வென்றதும் அப்படித்தான்" என்றார்கள். இளமையில் வணிகத்துக்காகக் கல்கத்தா சென்று, அங்கே முஹம்மதன் ஸ்போர்ட்டிங் அணியின் ஆட்டங்களை மழையில் நனைந்தபடி பார்த்தவர்கள் அவர்கள். மஃரிப் பாங்கு ஒலிக்கும் வரை பேசினார்கள். அன்று கேட்டதன் முழுப் பொருளைப் பின்னாளில் படித்தே உணர்ந்தோம்.

முஹம்மதன் ஸ்போர்ட்டிங் 1891இல் தொடங்கப்பட்ட சங்கம். கல்கத்தா லீக் போட்டியின் முதற்பிரிவில் அதுவரை ஆங்கிலேயர் அணிகளே வாகை சூடிவந்தன. 1911இல் மோகன் பகான் அணியினர், பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியிருந்தனர். ஆயினும் லீக் பட்டம் எந்த இந்திய அணிக்கும் கிட்டவில்லை. கல்கத்தா லீக் மழைக்காலத்தில் நடப்பது. சேற்றில் வெறுங்கால் வழுக்கும். முஹம்மதன் அணியினர் ஈர மைதானத்தில் காலணி அணிந்து ஆடப் பழகினர். பெங்களூர் முதலிய தொலைவான ஊர்களிலிருந்தும் திறமையாளர்களைத் தேடிக் கொணர்ந்தனர். விளைவு, 1934இல் முதற்பிரிவுக்கு வந்த அவ்வாண்டிலேயே பட்டத்தை வென்றனர். 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அதனைத் தக்கவைத்தனர். 1936இல் ஐ.எஃப்.ஏ. கேடயமும் அவர்கள் வசமாயிற்று. அந்த அணியைச் சேர்ந்த முஹம்மத் ஸலீம் அவ்வாண்டே ஸ்காட்லாந்து சென்று, புகழ்பெற்ற செல்டிக் சங்கத்துக்காகக் காலில் துணிக்கட்டுடன் ஆடினார்.

இதன் உச்சமாக அமைந்தது 1940 டிசம்பர் 12. டியூரண்ட் கோப்பை 1888இல் சிம்லாவில் தொடங்கிய போட்டி. நெடுங்காலம் அது பிரிட்டிஷ் படைப்பிரிவுகளின் உடைமை போலவே இருந்தது. 1940இல் அது தில்லிக்கு மாற்றப்பட்டது. இன்று தியான்சந்த் பெயர் தாங்கி நிற்கும் மைதானத்துக்கு அன்று இர்வின் அரங்கம் என்று பெயர். ஹைதராபாத், போபால், டாக்கா, பஞ்சாப் எனப் பல திசைகளிலிருந்தும் மக்கள் அங்கே திரண்டனர். ராயல் வார்விக்ஷயர் படைப்பிரிவை எதிர்த்து ஆடிய முஹம்மதன் ஸ்போர்ட்டிங் 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. டியூரண்ட் கோப்பையை வென்ற முதல் இந்தியச் சங்கம் அதுவே.

அன்று நடுவராக நின்றவர் கேப்டன் ஹர்னாம் சிங். இத்துணைப் பெரிய ஆட்டத்தில் இந்தியர் ஒருவர் நடுவராக நின்றது அதுவே முதன்முறை. ஆடியது ஒருபுறம் முஸ்லிம் அணி, மறுபுறம் ஆங்கிலேயர் படை. ஊதலோ ஒரு சீக்கியரின் கையில். அவர் எவருக்கும் வேண்டியவராக நிற்கவில்லை. ஆட்டத்தின் விதிகளுக்கு உரியவராக நின்றார். காயல்பட்டினத்து முதியவர் சொன்னதன் பொருள் இதுவே. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து வழுவச் செய்துவிடலாகாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அந்த நீதியை நாம் பிறரிடமும் எதிர்பார்க்கின்றோம். எனில், நம் பிள்ளைகள் தோற்ற நாளிலும் அதனைப் பேண வேண்டுமன்றோ?

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அதன்பின் டியூரண்ட் போட்டி 1950 வரை நடைபெறவில்லை. அதற்குள் நாடு பிரிந்தது. அன்று ஒன்றாக ஆரவாரித்தவர்கள் எல்லைக்கு இருபுறமும் பிரிந்து போயினர். ஆட்டத்தை நேரில் கண்டவர்களின் நினைவுகளுள் பெரும்பகுதி எழுதப்படாமலேயே அவர்களுடன் மண்ணுக்குள் சென்றுவிட்டது. காயல்பட்டினத்தில் எங்களுடன் பேசிய அம்முதியவரின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை. இன்று மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தும்போதெல்லாம் இக்குறை நெஞ்சை உறுத்துகிறது.

உங்கள் இல்லங்களிலும் பழைய கோப்பை ஆட்டமொன்றைக் கண்ட பெரியவர்கள் இருக்கக்கூடும். இவ்வாரம் அவர்கள் அருகில் பிள்ளைகளை அமர்த்துங்கள். யார் வென்றார் என்பதோடு நிறுத்தாமல், தோற்றவர் எப்படி நடந்துகொண்டார், நடுவர் எப்படி நின்றார் என்றும் கேட்கச் செய்யுங்கள். கேட்டதைப் பெயருடனும் ஊருடனும் எழுதி வையுங்கள். வெற்றியில் பணிவையும் தோல்வியில் பொறுமையையும் எந்நிலையிலும் நீதியையும் வல்ல அல்லாஹ் நம் சந்ததியினருக்கு அருள்வானாக! ஆமீன்.