‘முடிஞ்சுது’: பற்கதிரையில் ஒரு காலவழுவமைதி

ஓட்டிசம் உள்ள பிள்ளையைப் பல் வைத்தியரிடம் கொண்டுபோகுமுன் ஆயத்தப்படுத்துவது பற்றி எழுதுவோர், 1959இல் பல் வைத்தியர் அடெல்ஸ்டன் வகுத்த ‘சொல், காட்டு, செய்’ என்ற மூன்றில் முதலாவதைப் பெரும்பாலும் கழித்துவிடுகிறார்கள். பேச்சு ஏறாத பிள்ளைக்குப் படம் போதும் என்கிறார்கள். சொல்லிப் பயனில்லை என்று தீர்க்குமுன், என்ன சொல்லப்படுகிறது என்று கேட்டிருக்க வேண்டாமா?

உரும்பிராயில் ஒரு வீட்டு விறாந்தையில் பல் வைத்தியரிடம் போவதற்கான ஒத்திகை. பிளாஸ்ரிக் கதிரையில் மகன். தாயின் ஒரு கையில் ரோச் லைற், மறுகையில் பிரஷ். “தம்பி ஆ காட்டுவார். டொக்டர் பல்லைப் பாப்பார். இந்தா, முடிஞ்சுது, முடிஞ்சுது.” முடியவில்லை. பிரஷ் இன்னும் கடைவாயில்தான் நிற்கிறது. பையன் கையைத் தட்டிவிட்டு எழும்பிவிட்டான். அடம் என்றார்கள் வீட்டார். எனக்கு அது இலக்கணத்துக்குக் கீழ்ப்படிதலாகவே பட்டது: முடிந்துவிட்டது என்றால் எழும்பத்தானே வேண்டும்?

இந்த ‘முடிஞ்சுது’வை வெறும் ஆறுதல் என்று தள்ள முடியாது. நன்னூல் காலம் மயங்குவதற்கு இடந்தரும் காரணங்களில் முதலில் நிற்பது விரைவு. இன்னும் உண்டுகொண்டிருப்பவன், கூப்பிட்ட தோழனுக்கு ‘உண்டேன்’ என்பது உரைகாரர் காட்டும் உதாரணம். வீட்டை விட்டு இறங்காமலே தொலைபேசியில் “இந்தா வந்திட்டன்” என்பவரும் அந்த வழியில் வந்தவர்தான். ஆனால் இப்படிக் காலம் பிழைத்த வழு, ஏற்கத்தக்க அமைதியாவதற்குக் கேட்பவனின் ஒத்துழைப்பு வேண்டும். ‘உண்டேன்’ என்றதும் இலையைப் பார்க்காமல் காத்திருக்கும் தோழன் வேண்டும். உரைகள் இந்தத் தோழனைப் பற்றிப் பேசுவதில்லை. அவன் இருப்பான் என்றே எடுத்துக்கொள்கின்றன. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் அந்த இடத்தில் இருப்பதில்லை. 1943இல் மனநல வைத்தியர் லியோ கனர் தம் ஓட்டிசக் கட்டுரையில் விவரித்த 11 பிள்ளைகளுள் ஒருவன், ஒரு பொருளைக் ‘கீழே வை’ என்றால் உடனே தரையில் வைப்பான். ‘முடிஞ்சுது’ கேட்டு எழும்பியவனை நான் அவனுடன் சேர்த்தே வாசிக்கிறேன்.

படத்தின் பக்கம் நிற்போர் இலங்கைச் சான்று ஒன்றையும் காட்டுவதுண்டு: ஹேமமாலி பெரேரா குழுவினர் 2017இல் வெளியிட்ட படவழி ஓட்டிசக் கணிப்புக் கருவி. அதில் படம் பார்த்தவர்கள் பெற்றோர், பிள்ளைகள் அல்லர். அதை இங்கே இழுப்பது பொருந்தாது. செய்து முடித்த வேலையின் அட்டையை எடுத்துப் பெட்டியில் போடும் முறை பலன் தருகிறது என்பது இதைவிட வலுவான மறுப்பு; அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் பலம் படத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். வேலை முடியுமுன் யாரும் அட்டையைப் பெட்டியில் போடுவதில்லை. நாக்கு மட்டும் அவசரப்படுகிறது.

பேசாத பிள்ளைக்கு இந்த நுணுக்கம் எங்கே விளங்கும் என்பதற்கு நீண்ட பதில் வேண்டாம். பேசாமை விளங்காமை ஆகாது.

‘இருங்கோ’விலும் இதே சிக்கல் உண்டு. யாழ்ப்பாணத்தில் அது உட்காரச் சொல்லும் சொல். பிள்ளை சொன்னபடி இருக்கிறது. கதிரையோ பின்னால் சரிந்து அதைப் படுக்க வைக்கிறது. “கதிரை சரியும், தம்பி படுப்பார்” என்று முதலே சொல்லிப் பழக்கலாம்.

நான் கேட்டவை ஒரு சில வீடுகள். பொதுவிதி வகுக்க அவை போதா. ஆனாலும் வீட்டார் திருந்தினால் மட்டும் போதாது என்பது தெளிவு. பாடசாலைப் பற்சிகிச்சையாளரோ வைத்தியரோ வாயில் கருவி இருக்கவே “முடிஞ்சுது ராசா” என்றால் ஒரு மாத ஒத்திகையும் வீண். அந்தத் தாயிடம், இனிப் போகும்போது ஒரு துண்டில் எழுதிக்கொண்டுபோய் முதலே கொடுங்கள் என்றேன். அவர் எழுதியது: “பத்து மட்டும் எண்ணுங்கோ. பத்தில கையை எடுங்கோ. எடுத்தாப் பிறகு மட்டும் முடிஞ்சுது எண்டு சொல்லுங்கோ.”