ஊசியும் புகைப்படமும்

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களின் இல்லங்களில், பழைய பெட்டியின் அடியில், சில கறுப்பு வெள்ளைப் படங்கள் இருப்பதுண்டு. பட்டுப் பாவாடை உடுத்த சிறுமி, விறைப்பான சட்டையுடன் நிற்கும் இளைஞர், புதிய ரவிக்கை அணிந்து அமர்ந்திருக்கும் மணமகள் எனப் பலவகைப் படங்கள் அவை. அவற்றில் நாம் முகங்களையே தேடுகின்றோம். அவ்வாடையைத் தைத்தவர் யார், அதை அணிந்து நிற்கும் உரிமை எப்பொழுது கிடைத்தது என்று கேட்பதில்லை. கேட்போமாயின், பாலக்காட்டுக் கணவாய் முதல் தேவிகுளம் மலை வரையுள்ள எல்லைப்புறத்தின் வரலாற்றில் ஒரு பகுதி நமக்கு விளங்கும்.

இன்று அப்பகுதியிலிருந்து ஆடைக்கலை பயிலச் செல்லும் மாணவிகள் உளர். தேசிய ஆடைத் தொழில்நுட்ப நிறுவனம் 1986இல் தில்லியிலும், 1995இல் சென்னையிலும், 2008இல் கண்ணூரிலும் கல்வி தரத் தொடங்கியது. அம்மாணவி அளவெடுக்கிறாள், தாளில் வடிவம் வரைகிறாள், முதலில் மலிவான காடாத் துணியில் வெட்டி, ஓட்டுத் தையலிட்டு, உடலில் பொருந்துகிறதா என்று பார்க்கிறாள். பிழை திருத்திய பின்னரே நல்ல துணியில் கத்தரி வைக்கிறாள். முடிந்த ஆடையைத் தோழி ஒருத்திக்கு அணிவித்து, இடமும் ஒளியும் தேர்ந்து, நிற்கும் நிலை சொல்லிப் படம் எடுக்கிறாள். ஆடையையும் தோற்றத்தையும் முடிவு செய்பவள் அவளே. இதை இன்று எளிய செய்தியாகக் கருதுகின்றோம். ஆயினும் இவ்விரு முடிவுகளும் நெடுங்காலம் பிறர் கையில் இருந்தன.

தைத்த ஆடை தமிழருக்குப் புதியதன்று. புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்தும் சிலப்பதிகாரம், தையற்காரரைத் துன்னகாரர் என்று குறிக்கிறது. சேரன் செங்குட்டுவன் வரலாற்றைக் கூறும் வஞ்சிக் காண்டத்தில், கஞ்சுகம் என்னும் சட்டை அணிந்த தூதர் ஆயிரவர் சஞ்சயன் தலைமையில் வருகின்றனர். அங்கே தைத்த சட்டை அரச பணியின் அடையாளமாக விளங்கக் காண்கின்றோம். பொதுமக்களோ தைக்காத துணியையே பெரும்பாலும் உடுத்தினர். கேரளத்து முண்டும் நேரியதும், பாலக்காட்டு அக்கிரகாரங்களின் மடிசார் புடவையும் ஊசி படாதவை. பாரதப்புழைக் கரையில், பாலக்காட்டு மாவட்டத்தை அடுத்துள்ள குத்தாம்புள்ளியில், மைசூர் நாட்டிலிருந்து வந்து குடியேறிய தேவாங்கர் இன்றும் கசவுத் துணி நெய்கின்றனர். அத்துணியின் அழகு கரையிலும் மடிப்பிலும் உள்ளது. வெட்டும் தையலும் அதற்கு வேண்டியதில்லை.

துணி இருந்தும் உடுத்த உரிமை இல்லாத நிலையும் இருந்தது. அந்நாளில் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்திலும், சிற்றூர் கொச்சி அரசிலும், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் அரசிலும் அடங்கியிருந்தன. அத்திருவிதாங்கூரின் தென்பகுதியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் குலப் பெண்டிர் மார்பை மறைத்து ஆடை அணியத் தடை இருந்தது. அதனை எதிர்த்து எழுந்த போராட்டம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் விட்டுவிட்டு நிகழ்ந்தது. 1829ஆம் ஆண்டின் அரச ஆணை கிறித்தவப் பெண்டிர்க்குக் குப்பாயத்தை மட்டும் அனுமதித்து, மேலாடையை மறுத்தது. 1859 ஜூலை 26ஆம் நாள் பிறந்த ஆணையே நாடார் பெண்டிர் அனைவர்க்கும் மார்பை மறைக்கும் உரிமையை வழங்கியது. அப்பொழுதும், உயர்குலப் பெண்டிர் அணியும் முறையில் அணியலாகாது என்ற கட்டுப்பாடு நீங்கவில்லை. ஓர் அரசாணை தையற்காரனின் கத்தரி செல்ல வேண்டிய வழியை வகுத்த காலம் அது.

அதே நாஞ்சில் நாட்டில் ஊசி விடுதலைக் கருவியாகவும் ஆயிற்று. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்னும் அம்மையார் பெண்களுக்குப் பின்னல் சரிகை வேலை கற்பித்தார். அடிமைத்தளையில் இருந்த பெண்கள் சிலர் அவ்வேலையில் ஈட்டிய பொருளைக் கொண்டு தம்மை மீட்டுக்கொண்டனர்.

பின்னர் வந்தது தையல் இயந்திரம். ஐசக் சிங்கர் 1851இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரங்களைப் பற்றி ஐயுறவு கொண்டிருந்த காந்தியடிகள் இதனை விலக்காகக் கொண்டார். 1924இல் திருவிதாங்கூரைச் சேர்ந்த மாணவர் ஜி. இராமச்சந்திரன் இது குறித்து வினவியபொழுது, கையால் தைத்துத் துன்புறும் மனைவியின்பால் கொண்ட அன்பினால் சிங்கர் இதைப் படைத்தார் என்ற கதையை அடிகள் எடுத்துரைத்தார். அவ்வினாவை எழுப்பிய இளைஞரே பிற்காலத்தில், 1947இல், டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். 1930களில் கல்கத்தாவில் உஷா இயந்திரம் உருவானதும், தையல் நம் நாட்டு இல்லங்களில் மேலும் பரவியது.

புகைப்படத்தின் வரலாறும் இதனை ஒத்ததே. பாலக்காட்டை அடுத்த இலட்சுமிநாராயணபுரத்தில் 1861இல் பிறந்த எல். கே. அனந்தகிருஷ்ண ஐயரை மானிடவியல் அறிஞர் அனைவரும் அறிவர். கொச்சி அரசு 1902இல் தன் நாட்டு மக்களினங்களை ஆராயும் பணியை அவரிடம் ஒப்படைத்தது. 1909இலும் 1912இலும் வெளிவந்த அவருடைய நூல்களில், மலைவாழ் காடர் முதலாகப் பல்வேறு மக்களின் படங்கள் இடம்பெற்றன. பின்னர் அவர் கல்கத்தாப் பல்கலைக்கழகம் சென்று மானிடவியல் துறையை வளர்த்தார். வெளிமாநிலம் சென்று பெருமை பெற்ற நம்மவருள் அவர் ஒருவர். அவருடைய உழைப்பை நாம் போற்றுகின்றோம். ஆயினும் அக்காலத்து இத்தகைய நூல்களில் மக்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தனர். படத்தின் கீழ்ப் பெரும்பாலும் குலத்தின் பெயரே காணப்படும், ஆளின் பெயர் இராது. எவ்வாறு நிற்பது என்பதைப் படத்தில் நின்றவர் முடிவு செய்யவில்லை.

மலைநாட்டுக்கு வருவோம். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று அரசரிடம் குத்தகை பெற்றபின், கண்ணன் தேவன் மலைகளில் தோட்டங்கள் எழுந்தன. போடிநாயக்கனூர் வழியாகத் தமிழ்த் தொழிலாளர் மலையேறினர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. 1972இல் அவை இடுக்கி மாவட்டத்தில் சேர்ந்தன. கொழுந்து பறிக்கும் பெண்கள் குளிருக்காகப் புடவையின்மேல் ஆடவர் சட்டையை அணிந்து, செடி கீறாதிருக்க இடுப்பில் தடித்த விரிப்பைக் கட்டிக்கொள்கின்றனர். சுற்றுலாப் பயணிகள் எடுத்துச் செல்லும் படங்களில் அவர்கள் பசுமைக்கு நடுவே வண்ணப் புள்ளிகளாகவே தோன்றினர். 2015 செப்டம்பரில் அப்பெண்கள் கூலியும் போனசும் கேட்டு மூணாற்றுச் சாலையில் அமர்ந்தனர். 'பெம்பிளை ஒருமை' என்ற பெயருடன் அவர்களுடைய முகங்கள் நாடெங்கும் செய்தித்தாள்களில் வெளிவந்தன. இம்முறை தாம் எங்கே, எதற்காக நிற்க வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்திருந்தனர்.

அம்மூணாற்றில் 1991இல் தொடங்கிய சிருஷ்டி அறக்கட்டளையின் சாயப்பட்டறையில், தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த மாற்றுத்திறனுடைய இளைஞர்கள், செடிகளிலிருந்தும் மரப்பட்டைகளிலிருந்தும் எடுத்த இயற்கைச் சாயங்களைத் துணியில் ஏற்றுகின்றனர். துணியை மடித்து, நூலால் இறுக்கித் தைத்துச் சாயத்தில் தோய்த்து, பிறகு தையலைப் பிரித்தால், சாயம் புகாத இடங்கள் கோலமாக விரிகின்றன.

ஆகவே, மாணவி ஒருத்தி துணியை வெட்டித் தைத்துப் படமும் எடுப்பதை வீண் பகட்டு என்று பெரியோர் கடிந்துகொள்ளத் தேவையில்லை. முன்னோர் அரசாணையுடன் போராடிப் பெற்ற உரிமையும், பெயரில்லாப் படங்களில் நின்றவர்க்குக் கிட்டாத உரிமையும் அவள் செயலில் ஒன்றுசேர்கின்றன. நேயர்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்றுண்டு. உங்கள் பெட்டியில் உள்ள பழைய படங்களை ஒரு நாள் வெளியே எடுங்கள். வீட்டு மூத்தோரைக் கேட்டு, நிற்பவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பின்புறத்தில் எழுதுங்கள். அந்த ரவிக்கையைத் தைத்தவர் யாரென்று தெரிந்தால் அவர் பெயரையும் எழுதி வையுங்கள்.